வால்ட்டர் ஓவன் பென்ட்லி

வால்ட்டர் ஓவன் பென்ட்லி (செப்டம்பர் 16, 1888 – ஆகஸ்டு 13, 1971) ஓர் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆவார். பென்ட்லி மோட்டார்சு நிறுவனத்தை 1919-ஆம் ஆண்டு தொடங்கியவர் இவரே. தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு டபிள்யூ. ஓ. என்றே இவர் பரவலாக அழைக்கப்பட்டார். முதல் உலகப் போரில் பிரித்தானிய வானூர்திகளுக்கான சுழல் பொறிகளை வடிவமைத்தார். இவர் உருவாக்கிய தானுந்துகள் 1924, 1927, 1928, 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் போட்டியில் வெற்றி பெற்றன.

ஒரு பந்தயத் தானுந்தின் ஆற்றலைக் கூட்ட எது சிறந்த வழி என்பது குறித்து இவருக்கும் ஓட்டுநர் டிம் பெர்க்கினுக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாடு தானுந்து வரலாற்றில் புகழ் பெற்றது. பொறியின் கொள்ளளவைப் பெருக்குவதே முறையானது என்பது பென்ட்லியின் நிலைப்பாடு. காற்றை அழுத்திப் பொறிக்குள் செலுத்தும் சூப்பர்சார்ஜரைப் பொருத்துவதே விரைவான வழி என்பது பெர்க்கினின் நிலைப்பாடு. இக்கேள்வி இன்றும் தானுந்துகளை மாற்றியமைப்போரிடையே விவாதிக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

பென்ட்லி இலண்டனின் ஆம்ப்சுடெட் பகுதியில் ஒரு வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஆல்பிரட் பென்ட்லி ஒரு வணிகர், தாய் எமிலி. ஒன்பது பிள்ளைகளில் இவரே கடைசி. பிரிசுட்டலில் உள்ள கிளிப்டன் கல்லூரியில் பள்ளிப் படிப்பை மேற்கொண்டார்.

சிறு வயது முதலே நீராவித் தொடர்வண்டிகள் மீது இவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது. 16-ஆவது அகவையில் பள்ளியை விட்டு விலகி, டான்காசுட்டரில் இருந்த கிரேட் நார்தர்ன் தொடர்வண்டி நிறுவனத்தின் பணிமனையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். அங்கு வார்ப்பு, கடைசல், பொருத்துதல் எனப் பட்டறை வேலைகள் பலவற்றையும் கையால் செய்து கற்றார். நீராவி வண்டிகளில் நிலக்கரி அள்ளிப் போடும் பணியையும் செய்தார். பெரிய உருளைகள் நிதானமான வேகத்தில் இயங்கி மிகுந்த இழுவிசையைத் தருவதை இங்கு நேரில் கண்டார். பிற்காலத்தில் இவர் வடிவமைத்த தானுந்துப் பொறிகளிலும் இதே இயல்பு காணப்படுகிறது.

ஐந்து ஆண்டுப் பயிற்சி 1910-இல் முடிந்தது. தொடர்வண்டித் துறையில் முன்னேற்றம் மெதுவாகவே இருக்கும் என உணர்ந்து அத்துறையை விட்டு விலகினார். இதற்கிடையே மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஆர்வம் ஏற்பட்டு, 1909, 1910 ஆகிய ஆண்டுகளில் மாண் தீவின் டூரிசுட்டு டிராபி போட்டியில் கலந்து கொண்டார். பின்னர் இலண்டனில் வாடகைத் தானுந்துகளை இயக்கிய நேசனல் மோட்டார் கேப் நிறுவனத்தில் அவ்வண்டிகளைப் பராமரிக்கும் பணியில் சேர்ந்தார்.

அலுமினிய பிஸ்டன்

1912-இல் தம் உடன்பிறப்பு ஒருவருடன் இணைந்து டி.எப்.பி. என்ற பிரெஞ்சுத் தானுந்துகளை இங்கிலாந்தில் விற்கும் வணிகத்தில் இறங்கினார். அந்நிறுவனம் பின்னர் பென்ட்லி அன்ட் பென்ட்லி எனப் பெயர் பெற்றது. இந்த இரண்டு லிட்டர் தானுந்துகளின் வேகத்தை உயர்த்தினால் விற்பனை கூடும் என்று பென்ட்லி கருதினார்.

1913-இல் பிரான்சில் இருந்த டி.எப்.பி. தொழிற்சாலைக்குச் சென்றபோது, மேசை மீது காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த ஒரு பொருளைக் கண்டார். அது சிறு பிஸ்டன் வடிவில் அலுமினியத்தால் செய்யப்பட்டிருந்தது. உண்மையான பிஸ்டனையே அலுமினியக் கலவையில் செய்தால் என்ன என்ற எண்ணம் இவருக்கு அப்போது தோன்றியது. அக்காலத்தில் பிஸ்டன்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பாலோ எஃகாலோ செய்யப்பட்டன. அலுமினியம் உருகிவிடும் என்ற அச்சம் பொதுவாக நிலவியது.

அலுமினியத்துடன் சிறிதளவு செம்பு சேர்த்துச் செய்த பிஸ்டன்கள் எதிர்பார்த்ததை விடச் சிறப்பாக இயங்கின. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, எடை குறைவாக இருந்ததால் பொறியை மேலும் விரைவாகச் சுழலச் செய்ய முடிந்தது. இரண்டாவது, அலுமினியம் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் பிஸ்டனின் தலைப்பகுதி குளிர்ச்சியாக இருந்தது. இதனால் எரிபொருள் கலவையை முன்பை விடக் கூடுதலாக அழுத்த முடிந்தது. இவ்வாறு மாற்றியமைத்த டி.எப்.பி. தானுந்து 1913, 1914 ஆகிய ஆண்டுகளில் புரூக்லாண்ட்சு ஓடுதளத்தில் தன் வகையில் சாதனைகள் படைத்தது. 1914 டூரிசுட்டு டிராபி தானுந்துப் போட்டியில் பென்ட்லி தாமே ஓட்டி ஆறாவதாக வந்தார்.

வெளியிலிருந்து எதையும் கூட்டாமல், பொறியின் உள்ளுறுப்புகளைத் திருத்தி ஆற்றலை உயர்த்தும் வழி இது. இவ்வழியையே பென்ட்லி வாழ்நாள் முழுவதும் பின்பற்றினார்.

முதல் உலகப் போர்

போர் தொடங்கியதும் பென்ட்லி தம் அலுமினிய பிஸ்டன் பற்றிய தகவலைக் கடற்படை அலுவலர் வில்பிரட் பிரிக்சிடம் தெரிவித்தார். அரச கடற்படை வான்சேவையில் இவருக்கு அதிகாரிப் பதவி வழங்கப்பட்டது. வானூர்திப் பொறி செய்யும் நிறுவனங்களுக்கு நேரில் சென்று இத்தொழில்நுட்பத்தை விளக்குவது இவருடைய பணியாக இருந்தது. ரோல்சு-ராய்சு, சன்பீம் ஆகிய நிறுவனங்கள் அலுமினிய பிஸ்டனை ஏற்றுக்கொண்டன.

அப்போது பிரித்தானிய வானூர்திகள் பலவற்றில் கிளெர்சே என்ற பிரெஞ்சுச் சுழல் பொறி பயன்பட்டது. அதன் உருளைகள் சீரற்று வெப்பமடைந்ததால் பொறி அடிக்கடி பழுதடைந்தது. பறக்கும்போது பொறி நின்றுபோவது விமானியின் உயிரைப் பறிக்கக்கூடியது. பென்ட்லி அலுமினிய உருளைகளுக்குள் வார்ப்பிரும்பு உறைகளைப் பொருத்திப் புதிய சுழல் பொறி ஒன்றை வடிவமைத்தார். பி.ஆர்.1 எனப்பட்ட இது ஏறத்தாழ 150 குதிரைத் திறன் கொண்டது. சாப்வித் கேமல் வானூர்திகளில் பொருத்தப்பட்டது. இதனினும் பெரிய பி.ஆர்.2 பொறி சாப்வித் சினைப் வானூர்தியில் இடம்பெற்றது. இப்பணிக்காக இவருக்கு எம்.பி.இ. விருது அளிக்கப்பட்டது. போருக்குப் பின் கண்டுபிடிப்பாளர்களுக்கான அரச ஆணையம் இவருக்கு 8,000 பவுண்டு வழங்கியது.

இவர் 1914 சனவரியில் லியோனி என்பவரை மணந்திருந்தார். 1919-இல் பரவிய நச்சுக் காய்ச்சலில் லியோனி உயிரிழந்தார். புதிய நிறுவனம் தொடங்கவிருந்த அதே காலத்தில் நேர்ந்த இவ்விழப்பு இவரைப் பெரிதும் பாதித்தது.

பென்ட்லி மோட்டார்சு

1919-இல் பென்ட்லி மோட்டார்சு தொடங்கப்பட்டது. பிராங்க் பர்கசு, ஆரி வார்லி ஆகியோர் வடிவமைப்பில் துணை நின்றனர். பொறி வடிவமைப்பில் கிளைவ் காலப் பங்கேற்றார். முதல் பொறி இலண்டனில் பேக்கர் தெருவை ஒட்டிய ஒரு சிறு பட்டறையில் அவ்வாண்டே இயக்கிப் பார்க்கப்பட்டது. பின்னர் கிரிக்கிள்வுட் பகுதியில் தொழிற்சாலை அமைந்தது. 1921 செப்டம்பரில் முதல் தானுந்து வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்த 3 லிட்டர் தானுந்தின் பொறி நான்கு உருளைகளைக் கொண்டது. ஒவ்வோர் உருளையின் விட்டம் 80 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தொலைவு 149 மில்லிமீட்டர். ஒவ்வோர் உருளைக்கும் நான்கு வால்வுகளும் இரண்டு தீப்பொறிச் செருகிகளும் இருந்தன. வால்வுகளை இயக்கும் தண்டு உருளைகளுக்கு மேலே அமைந்திருந்தது. சாலையில் ஓடும் தானுந்துகளில் இவை அனைத்தும் ஒருசேர இருப்பது அக்காலத்தில் அரிது.

பந்தய வெற்றியே சிறந்த விளம்பரம் என்று பென்ட்லி நம்பினார். 1922 டூரிசுட்டு டிராபியில் பென்ட்லி தானுந்துகள் இரண்டாம், நான்காம், ஐந்தாம் இடங்களைப் பெற்று அணிப் பரிசை வென்றன. நான்காவதாக வந்த தானுந்தை ஓட்டியவர் பென்ட்லியே ஆவார்.

1923-இல் முதன்முறையாக நடந்த லெ மான் போட்டியில் ஜான் டஃப் என்பவர் தம் சொந்த 3 லிட்டர் தானுந்துடன் பிராங்க் கிளெமெண்டை இணைத்துக்கொண்டு கலந்து கொண்டார். 24 மணிநேரம் தொடர்ந்து ஓட்டினால் எந்த வண்டியும் தாங்காது என்று பென்ட்லி முதலில் தயங்கினார். இறுதி நேரத்தில் பிரான்சு சென்று போட்டியை நேரில் கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவ்வாண்டு நான்காம் இடம் பெற்ற டஃப், கிளெமெண்ட் இணை 1924-இல் முதலிடம் பெற்றது.

நிறுவனத்துக்குப் புகழ் இருந்த அளவுக்குப் பணம் இருந்ததில்லை. 1926-இல் தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கச் செல்வத்தின் வாரிசான வூல்ஃப் பார்னாட்டோ நிறுவனத்தில் முதலீடு செய்து தலைவரானார். நிறுவனம் பிழைத்தது. ஆனால் அதன்பின் பென்ட்லி தம் சொந்த நிறுவனத்தில் ஓர் ஊழியர் நிலையில் இருந்தார்.

1927 லெ மான் போட்டியில் வெள்ளை மாளிகை வளைவு என்னுமிடத்தில் பென்ட்லியின் மூன்று தானுந்துகளும் ஒரே விபத்தில் சிக்கின. அவற்றுள் சேதம் குறைந்த பழைய 3 லிட்டர் தானுந்தை சாமி டேவிசு ஓரளவு சரிசெய்து தொடர்ந்து ஓட்டினார். அவரும் மருத்துவர் பெஞ்சபீல்டும் மாறி மாறி ஓட்டி வெற்றி பெற்றனர். 1928-இல் பார்னாட்டோவும் பெர்னார்டு ரூபினும் 4½ லிட்டர் தானுந்தில் வென்றனர்.

ஆற்றலைக் கூட்டும் இரு வழிகள்

பெட்ரோல் பொறியின் ஆற்றல் அது ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்றை உட்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. பெட்ரோலை எளிதில் கூட்டலாம். ஆனால் அது எரிவதற்குத் தேவையான காற்று உருளைக்குள் இருக்க வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை.

இயல்பாகக் காற்றை உறிஞ்சும் பொறியில் பிஸ்டன் கீழிறங்கும்போது ஏற்படும் வெற்றிடத்தை வெளிக்காற்று நிரப்புகிறது. 4.4 லிட்டர் பொறி ஒன்று நிமிடத்துக்கு 3,500 முறை சுழன்றால், நான்கு வீச்சுச் சுழற்சியில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை உட்கொள்ளும். அதாவது நிமிடத்துக்குப் பெரும அளவாக 7,700 லிட்டர் காற்று. இதன் எடை ஏறத்தாழ 9 கிலோகிராம். வால்வுகளின் தடையால் உண்மையில் இதிலும் குறைவாகவே உட்செல்லும். இவ்வகைப் பொறியின் ஆற்றலைக் கூட்டச் சில வழிகளே உள்ளன:

- உருளைகளின் கொள்ளளவைப் பெருக்குதல்
- பொறியை மேலும் விரைவாகச் சுழலச் செய்தல்
- வால்வுகளையும் காற்றுக் குழாய்களையும் திருத்திக் காற்றோட்டத்தை எளிதாக்குதல்
- எரிபொருள் கலவையின் அமுக்க விகிதத்தை உயர்த்துதல்

சூப்பர்சார்ஜர் என்பது பொறியின் சுழற்சியைக் கொண்டே இயங்கும் ஒரு காற்றழுத்தி. அது வளிமண்டல அழுத்தத்தை விடக் கூடுதலான அழுத்தத்தில் காற்றை உருளைக்குள் தள்ளுகிறது. இதனால் அதே அளவுள்ள பொறி பெரிய பொறியைப் போல் ஆற்றல் தருகிறது. பெர்க்கினின் தானுந்துகளில் பயன்பட்டது ரூட்சு வகையைச் சேர்ந்தது. இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று இணைந்து சுழன்று காற்றை முன்தள்ளும் இவ்வமைப்பை 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ரூட்சு உடன்பிறப்புகள் உருவாக்கினர். உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூட்ட இது முதலில் பயன்பட்டது.

இவ்வழியில் சில இழப்புகளும் உள்ளன. முதலாவது, சூப்பர்சார்ஜரைச் சுழற்றவே பொறியின் ஆற்றலில் ஒரு பகுதி செலவாகிறது. இரண்டாவது, அழுத்தப்படும் காற்று சூடாகிறது. அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கும்போது, பழைய ரூட்சு வகை ஊதியில் காற்றின் வெப்பநிலை 60 பாகை செல்சியசு வரை உயரக்கூடும். சூடான காற்று விரிவடைவதால், அழுத்தம் அரைப் பங்கு கூடினாலும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழக் கால் பங்கே கூடும். பெட்ரோல் ஆவியாகும்போது கலவை ஓரளவு குளிர்வது இக்குறையைச் சிறிது ஈடுசெய்கிறது. மூன்றாவது, சூடான கலவை உரிய நேரத்துக்கு முன்பே வெடிக்க முற்படும். நான்காவது, பிஸ்டன், தாங்கிகள், வால்வுகள் ஆகியவை தாம் வடிவமைக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் விசையையும் தாங்க வேண்டியுள்ளது.

1920-களில் சூப்பர்சார்ஜர் புதுமையானதாகவும் வெற்றி தருவதாகவும் இருந்தது. மெர்சிடிசு நிறுவனம் 1921-இல் சூப்பர்சார்ஜர் கொண்ட தானுந்துகளைக் காட்சிப்படுத்தியது. 1923-இல் இத்தாலிய கிராண்டு பிரீ போட்டியில் சூப்பர்சார்ஜர் பொருத்திய பியட் தானுந்து வென்றது. புகாட்டி நிறுவனமும் 1926-இல் இம்முறைக்கு மாறியது. எனவே பென்ட்லியின் எதிர்ப்பு அக்காலப் போக்குக்கு மாறானதாகவே பலருக்குத் தோன்றியது.

பெர்க்கினுடன் கருத்து வேறுபாடு

சர் என்றி பெர்க்கின், டிம் என்ற பெயரால் அறியப்பட்டவர். நாட்டிங்காமின் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். பென்ட்லி அணியின் துணிச்சலான ஓட்டுநர்களுள் ஒருவர். 4½ லிட்டர் தானுந்தின் 110 குதிரைத் திறன் செருமானிய மெர்சிடிசு தானுந்துகளுடன் போட்டியிடப் போதாது என்று இவர் கருதினார்.

பென்ட்லியும் ஆற்றல் போதாது என்பதை ஏற்றார். தீர்வில்தான் இருவரும் வேறுபட்டனர். அவர் 1926-இலேயே ஆறு உருளைகள் கொண்ட 6½ லிட்டர் தானுந்தை உருவாக்கியிருந்தார். அதன் மேம்பட்ட வடிவமான இசுபீடு சிக்சு 1928-இல் வெளிவந்தது. கூடுதல் ஆற்றல் வேண்டுமெனில் பெரிய பொறியைப் பயன்படுத்த வேண்டும் என்பது இவருடைய எண்ணம். வளிமண்டல அழுத்தத்தில் இயங்குவதற்கெனக் கணக்கிட்டு வடிவமைத்த பொறியில் காற்றை வலிந்து செலுத்துவது அதன் இயல்பையே கெடுத்துவிடும் என்று இவர் உறுதியாகக் கருதினார்.

ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் இவரிடம் இல்லை. பெர்க்கின் நேரடியாகத் தலைவர் பார்னாட்டோவிடம் பேசி ஒப்புதல் பெற்றார். பந்தயக் குதிரைகளின் உரிமையாளரான செல்வச் சீமாட்டி டாரத்தி பாசெட் பொருளுதவி அளித்தார். ஆம்கர்சுட்டு வில்லியர்சு என்ற பொறியியலாளர் சூப்பர்சார்ஜரை வடிவமைத்தார். வெல்வின் கார்டன் நகரில் பெர்க்கின் நிறுவிய பட்டறையில் பந்தயத் தானுந்துகள் உருவாயின.

பென்ட்லி தம் பொறியை மாற்றியமைக்க இசையவில்லை. எனவே சூப்பர்சார்ஜர் ரேடியேட்டருக்கு முன்னால், தானுந்தின் மூக்குப் பகுதியில் பொருத்தப்பட்டு, கிராங்குத் தண்டின் முனையிலிருந்து நேரடியாக இயக்கப்பட்டது. இக்காரணத்தால் அமைந்த முன்னோக்கிய தோற்றமே பின்னர் அத்தானுந்தின் அடையாளமாயிற்று. முன்பகுதியில் எடை கூடியதால் வளைவுகளில் திரும்புவது கடினமாயிற்று. எரிபொருள் செலவும் பெரிதும் உயர்ந்தது.

லெ மான் விதிகளின்படி இவ்வகையில் 50 தானுந்துகளையாவது பொதுமக்களுக்கென உருவாக்க வேண்டியிருந்தது. இதனால் தாம் விரும்பாத ஒரு தானுந்தைத் தம் பெயரிலேயே உருவாக்கி விற்கும் நிலை பென்ட்லிக்கு ஏற்பட்டது. பந்தயத் தானுந்துகளையும் சேர்த்து மொத்தம் 55 தானுந்துகள் செய்யப்பட்டன. இவை புளோயர் பென்ட்லி என அழைக்கப்படுகின்றன. இருப்பினும் 1929-இல் வட அயர்லாந்தின் ஆர்ட்சு தடத்தில் நடந்த டூரிசுட்டு டிராபியில், பெர்க்கின் ஓட்டிய புளோயர் தானுந்தில் பென்ட்லியே உடன்செல்லும் பொறிவினைஞராக அமர்ந்து சென்றார்.

மூன்று பொறிகளின் ஒப்பீடு வருமாறு:

- 4½ லிட்டர், இயல்பான காற்றோட்டம்: 4,398 கன செ.மீ., 110 குதிரைத் திறன். லிட்டருக்கு ஏறத்தாழ 25.
- 4½ லிட்டர், சூப்பர்சார்ஜருடன்: அதே கொள்ளளவு, சாலை வடிவில் 175, பந்தய வடிவில் 240 குதிரைத் திறன், பந்தய வடிவில் லிட்டருக்கு ஏறத்தாழ 55.
- இசுபீடு சிக்சு, இயல்பான காற்றோட்டம்: 6,597 கன செ.மீ., பந்தய வடிவில் 200 குதிரைத் திறன். லிட்டருக்கு ஏறத்தாழ 30.

எண்களை மட்டும் நோக்கினால் பெர்க்கினின் வழியே மேலானது. ஆனால் 24 மணிநேரப் போட்டியில் இந்த ஆற்றலை எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்பதே தீர்மானமான கேள்வியாக இருந்தது.

லெ மான், 1930

1929-இல் பார்னாட்டோவும் பெர்க்கினும் ஓட்டிய இசுபீடு சிக்சு லெ மானில் முதலிடம் பெற்றது. அதைத் தொடர்ந்து மூன்று 4½ லிட்டர் பென்ட்லிகள் அடுத்த மூன்று இடங்களையும் பிடித்தன. அந்நான்கு தானுந்துகளில் ஒன்றிலும் சூப்பர்சார்ஜர் இல்லை.

1930 சூனில் இரு கோட்பாடுகளும் ஒரே தடத்தில் மோதின. பென்ட்லி நிறுவனம் மூன்று இசுபீடு சிக்சு தானுந்துகளைக் களமிறக்கியது. பாசெட்டின் அணியிலிருந்து இரண்டு புளோயர் தானுந்துகள் ஓடின. இவற்றுக்கு எதிராக ருடால்ஃப் கராசியோலாவும் கிறித்தியான் வெர்னரும் ஓட்டிய 7 லிட்டர் மெர்சிடிசு களத்தில் இருந்தது. அதிலும் சூப்பர்சார்ஜர் உண்டு. ஆனால் முடுக்கியை முழுவதும் மிதிக்கும்போது மட்டுமே அது இயங்கும். பெர்க்கினின் தானுந்திலோ பொறி ஓடும்வரை அது சுழன்றுகொண்டே இருந்தது.

தொடக்கத்திலேயே பெர்க்கின் மெர்சிடிசை விரட்டிச் சென்றார். சாலையோரப் புல்தரை மீது ஏறி அதை முந்தினார். அவருடைய டயர் கிழிந்தபோதும் வேகத்தைக் குறைக்கவில்லை. இவ்வாறு மெர்சிடிசு தன் சூப்பர்சார்ஜரைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டிய நெருக்கடி ஏற்பட்டது. பின்னர் இசுபீடு சிக்சு தானுந்துகள் அந்நெருக்கடியைத் தொடர்ந்தன. இரவில் மெர்சிடிசு மின்கோளாறால் விலகியது. இரண்டு புளோயர் தானுந்துகளும் பொறிக் கோளாறால் போட்டியை முடிக்கவில்லை. பார்னாட்டோ, கிளென் கிட்சுட்டன் ஆகியோரின் இசுபீடு சிக்சு முதலிடமும், கிளெமெண்ட், டிக் வாட்னி ஆகியோரின் இசுபீடு சிக்சு இரண்டாமிடமும் பெற்றன. மூன்றாவது இசுபீடு சிக்சு விபத்தில் விலகியது.

பெர்க்கினின் விரட்டலே மெர்சிடிசை வீழ்த்தியது என்று சிலரும், அது திட்டமிட்ட உத்தியன்று என்று வேறு சிலரும் கருதுகின்றனர். எவ்வாறாயினும், புளோயர் தானுந்து லெ மானில் ஒருமுறையும் வெற்றி பெறவில்லை. அதே ஆண்டு போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்டு பிரீயில் பெர்க்கின் அதை ஓட்டி இரண்டாம் இடம் பெற்றார். எடை குறைந்த புகாட்டிகளுக்கு நடுவே இது குறிப்பிடத்தக்க சாதனை. குறுகிய தொலைவில் அதன் வேகம் ஐயத்துக்கு இடமற்றது. 1932-இல் ஒற்றை இருக்கை கொண்ட புளோயர் தானுந்தில் பெர்க்கின் புரூக்லாண்ட்சு வெளிச்சுற்றில் மணிக்கு 137.96 மைல் வேகத்தை எட்டிச் சாதனை படைத்தார். இது மணிக்கு ஏறத்தாழ 222 கிலோமீட்டர் ஆகும். அடுத்த ஆண்டு, 1933 சூனில், தம் 36-ஆவது அகவையில் பெர்க்கின் காலமானார்.

நிறுவனத்தின் வீழ்ச்சி

1930-இல் பென்ட்லி தம் கோட்பாட்டின் உச்சமாக 8 லிட்டர் தானுந்தை வெளியிட்டார். 7,983 கன செ.மீ. கொள்ளளவுடைய அதன் பொறி சூப்பர்சார்ஜர் இன்றியே, கனமான உடற்பகுதியுடன் மணிக்கு 100 மைல் வேகத்தை அமைதியாக எட்டியது. அதன் அடிச்சட்டகத்தின் விலை மட்டும் 1,850 பவுண்டு. ஆனால் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிவிட்டதால் இத்தகைய தானுந்தை வாங்குவோர் குறைந்தனர். 100 தானுந்துகள் மட்டுமே செய்யப்பட்டன.

பார்னாட்டோ மேலும் பணம் தர மறுத்தார். 1931 சூலையில் நிறுவனம் கடன் தீர்ப்பாளரின் பொறுப்பில் சென்றது. புளோயர் திட்டத்தின் செலவும் கெட்ட பெயரும் இதற்கு ஒரு காரணம் என்பது பென்ட்லியின் கருத்து. எனினும் நிறுவனம் தொடக்கத்திலிருந்தே போதிய முதலின்றி இயங்கியதையும், பெருமந்தத்தின் தாக்கத்தையும் கருத்தில் கொண்டால், அத்திட்டத்தை மட்டும் குறைகூற இயலாது.

நேப்பியர் நிறுவனம் பென்ட்லி மோட்டார்சை வாங்க முன்வந்தது. பென்ட்லி அதனுடன் இணைந்து புதிய தானுந்தை வடிவமைக்கவும் தொடங்கினார். ஆனால் நவம்பரில் நீதிமன்றத்தில் பிரித்தானிய மைய நியாய அறக்கட்டளை என்ற பொருள்படும் பெயருடைய, அதுவரை அறியப்படாத அமைப்பு ஒன்று கூடுதல் விலை கேட்டு, ஏறத்தாழ 1,25,000 பவுண்டுக்கு நிறுவனத்தைப் பெற்றது. அதன் பின்னால் இருந்தது போட்டி நிறுவனமான ரோல்சு-ராய்சு என்பது பின்னரே பென்ட்லிக்குத் தெரிய வந்தது. பென்ட்லி என்ற பெயரைத் தானுந்துகளுக்குப் பயன்படுத்தும் உரிமையும், இவருடைய பணி ஒப்பந்தமும் அவ்விற்பனையில் அடங்கியிருந்தன.

ரோல்சு-ராய்சில் இவருக்கு வடிவமைப்புப் பொறுப்பு வழங்கப்படவில்லை. தானுந்துகளை ஓட்டிச் சோதிக்கும் பணியே தரப்பட்டது. புதிய பென்ட்லி தானுந்துக்காக அந்நிறுவனம் சூப்பர்சார்ஜர் கொண்ட சிறு பொறி ஒன்றைச் சோதித்தது. அது நிறைவளிக்காததால் கைவிடப்பட்டு, இயல்பாகக் காற்றை உறிஞ்சும் பெரிய பொறியே 1933-இல் வெளிவந்த 3½ லிட்டர் பென்ட்லியில் பொருத்தப்பட்டது.

பிற்காலம்

1935-இல் ஒப்பந்தம் முடிந்ததும் பென்ட்லி இலகோண்டா நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவராகச் சேர்ந்தார். அங்கு இவர் தலைமையில் உருவான 12 உருளைப் பொறி 4,480 கன செ.மீ. கொள்ளளவில் 180 குதிரைத் திறன் தந்தது. லிட்டருக்கு 40 குதிரைத் திறன் என்பது, பழைய 4½ லிட்டர் பொறியை விட ஒன்றரை மடங்குக்கும் மேல். பத்தே ஆண்டுகளில் சூப்பர்சார்ஜர் இன்றி இம்முன்னேற்றம் கிட்டியது. 1939 லெ மான் போட்டியில் இவ்வகைத் தானுந்துகள் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன.

போருக்குப் பின் இவருடைய குழு 2.6 லிட்டர் ஆறு உருளைப் பொறியை உருவாக்கியது. 1947-இல் டேவிட் பிரவுன் என்ற தொழிலதிபர் இலகோண்டாவையும் ஆசுட்டன் மார்ட்டினையும் வாங்கினார். இலகோண்டாவை அவர் வாங்கியதற்கு இப்பொறியே முதன்மைக் காரணம் எனப்படுகிறது. ஆசுட்டன் மார்ட்டின் டிபி2 தானுந்தில் இப்பொறி பயன்பட்டது.

பென்ட்லி 1920-இல் ஆட்ரியை மணந்து, அத்திருமணம் 1931-இல் மணமுறிவில் முடிந்தது. 1934-இல் மார்கரெட்டை மணந்தார். இவருக்குப் பிள்ளைகள் இல்லை. பழைய பென்ட்லி தானுந்துகளின் உரிமையாளர்கள் 1936-இல் தொடங்கிய பென்ட்லி ஓட்டுநர் கழகம் இவரைப் பெரிதும் போற்றியது. 1958-இல் இவருடைய தன்வரலாறு வெளிவந்தது. ஆகஸ்டு 13, 1971 அன்று இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் தம் 82-ஆவது அகவையில் காலமானார்.

மரபு

பென்ட்லி மறைந்து 11 ஆண்டுகளுக்குப் பின், 1982-இல், அவர் பெயர் தாங்கிய நிறுவனம் மல்சான் டர்போ என்ற தானுந்தை வெளியிட்டது. அதில் டர்போசார்ஜர் பொருத்தப்பட்டிருந்தது. வெளியேறும் புகையின் விசையால் சுழலும் இக்காற்றழுத்தி, சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்பிரட் பூச்சி 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்தின் வளர்ச்சியாகும். நலிந்திருந்த பென்ட்லி பெயரை மீண்டும் எழச் செய்தது அத்தானுந்தே எனலாம். 2003-இல் லெ மானில் பென்ட்லி மீண்டும் வென்றபோது, வெற்றி பெற்ற தானுந்தின் பொறியிலும் டர்போசார்ஜர் இருந்தது.

இதனால் பென்ட்லியின் கணிப்பு தவறெனக் கொள்வது பொருந்தாது. இன்றைய பொறிகள் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குமாறு தொடக்கத்திலேயே வடிவமைக்கப்படுகின்றன. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி, உயர்தரப் பெட்ரோல், முன்கூட்டிய வெடிப்பை உணர்ந்து தீப்பொறி நேரத்தை மாற்றும் மின்னணுக் கட்டுப்பாடு ஆகியவை 1930-இல் இல்லை. இயல்பான காற்றோட்டத்துக்கென வடிவமைத்த ஒரு பொறியில் பின்னர் காற்றழுத்தியைப் பொருத்துவோர், பிஸ்டன், தாங்கிகள், அமுக்க விகிதம், குளிர்விப்பு ஆகியவற்றையும் மாற்ற வேண்டியுள்ளது. பென்ட்லி சுட்டிக்காட்டிய குறைகள் இவையே.

பந்தயங்களில் தோல்வியுற்ற புளோயர் தானுந்துகளே இன்று பழைய பென்ட்லிகளுள் மிகவும் விரும்பப்படுகின்றன. பெர்க்கின் சாதனை படைத்த ஒற்றை இருக்கைத் தானுந்து 2012-இல் 50 இலட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட விலைக்கு ஏலம் போனது. பென்ட்லி தம் வாழ்நாளில் ஏற்காத தானுந்தே அவர் பெயரைப் பலருக்கும் நினைவூட்டுவதாக அமைந்துவிட்டது.

இவற்றையும் பார்க்க

- லெ மான் 24 மணிநேரப் போட்டி
- சூப்பர்சார்ஜர்
- டர்போசார்ஜர்
- உள் எரி பொறி